கல்யாண போட்டோ, வீடியோவுக்கு எவ்வளவு ஒதுக்குவது? அட்வான்ஸ் முதல் ஆல்பம் வரை

தங்கை கல்யாணத்தில் தொடங்கி, சொந்தத்தில் ஆறு கல்யாணங்களுக்கு போட்டோ, வீடியோ பேசி முடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் இரண்டில் நான் செய்த தவறுகளையே இப்போது புதிதாகப் பேசப் போகிறவர்களும் செய்கிறார்கள். நேராக ஸ்டுடியோவுக்குப் போய் "பேக்கேஜ் எவ்வளவுங்க?" என்று கேட்பது அதில் முதலாவது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

விலையைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை மணி நேரம், எத்தனை ஆட்கள், முடிவில் உங்கள் கைக்கு என்னென்ன வரும். பேக்கேஜ் என்பது இந்த மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வைப்பது. அதை அவிழ்த்துப் பார்க்காமல் பட்ஜெட் போட முடியாது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் வழக்கமான மண்டபக் கல்யாணம்: முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். சர்ச் கல்யாணம், நிக்காஹ், கோயில் கல்யாணம் என்றாலும் கணக்குப் போடும் முறை இதுதான். நேரங்கள் மட்டும் மாறும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மண்டபத்தின் முகவரி, சாவி கொடுக்கும் நேரம், காலி செய்ய வேண்டிய நேரம். முகூர்த்த நேரம், பத்திரிகையில் இருக்கிறபடியே. வரவேற்புக்கு எத்தனை குடும்பங்கள் வரும் என்ற உத்தேசக் கணக்கு. கூடவே, எந்தெந்தச் சடங்கு எந்த நேரத்தில் என்று வாத்தியாரிடமோ வீட்டுப் பெரியவர்களிடமோ கேட்டு எழுதிய ஒரு பட்டியல்.

பட்டியல் எதற்கு என்றால், காசி யாத்திரை, ஊஞ்சல் உண்டா, பாத பூஜை மேடையிலா மண்டப வாசலிலா என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். போட்டோகிராபருக்கு உங்கள் வீட்டு வழக்கம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று: இரண்டு வீட்டிலும் முடிவு சொல்ல ஆளுக்கொருவர். ஒருவருக்கு மேல் வேண்டாம்.

1. நிகழ்ச்சிகளை மணிக்கணக்கில் எழுதுங்கள்

"ரெண்டு நாள் கல்யாணம்" என்று சொன்னால் ஸ்டுடியோ தன் வசதிக்கு ஒரு நேரத்தை நினைத்துக்கொள்ளும். நீங்கள் நினைத்தது வேறாக இருக்கும். அந்த வித்தியாசம்தான் பிறகு "எக்ஸ்ட்ரா அவர்" என்று பில்லில் வரும்.

நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தை எழுதாதீர்கள். கேமரா தொடங்க வேண்டிய நேரத்தை எழுதுங்கள். வரவேற்பு ஏழு மணிக்கு என்றால், மணப்பெண் அலங்காரத்தை எடுக்க நான்கு மணிக்கே ஆள் வர வேண்டும். முகூர்த்தம் 6 முதல் 7.30 என்றால், அதிகாலை மூன்றுக்கே மேக்கப் தொடங்கியிருக்கும். நாலரைக்காவது கேமரா அறை வாசலில் நிற்க வேண்டும்.

எங்கள் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நான் போட்ட கணக்கு: வீட்டில் நலங்கு 3 மணி நேரம், வரவேற்பு மாலை 4 முதல் 10.30 வரை ஆறரை மணி நேரம். முகூர்த்தம் காலை 4.30 முதல் 11.30 வரை 7 மணி நேரம். மொத்தம் பதினாறரை மணி. இந்த ஒரு எண் கையில் இருந்தால் எந்த ஸ்டுடியோவிடமும் தெளிவாகப் பேசலாம்.

வரவேற்பில் ஒரு கணக்கை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 250 குடும்பங்கள் மேடை ஏறி வாழ்த்தி, பரிசு கொடுத்து, நின்று படம் எடுத்து இறங்க, ஒரு குடும்பத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தாலே 125 நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையை விட்டு அசைய முடியாது. அவர்கள் இருவரை மட்டும் வைத்து எடுக்கும் படங்களுக்கு வரவேற்புக்கு முன்னால் முக்கால் மணி நேரம் ஒதுக்காவிட்டால், இரவு பதினொரு மணிக்குச் சோர்ந்த முகத்தோடுதான் எடுக்க வேண்டும்.

2. இரண்டு வீடும் உட்கார்ந்து, ஒரே டீமா இரண்டு டீமா என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம் செலவு செய்கிறார்கள். பல குடும்பங்களில் முகூர்த்தச் செலவு பெண் வீடு, வரவேற்புச் செலவு மாப்பிள்ளை வீடு. அதனால் ஆளுக்கொரு போட்டோகிராபர் வைத்துக்கொள்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் மேடையில் எட்டுப் பேர் கேமராவோடு நிற்பார்கள். பெண் ஒரு கேமராவைப் பார்ப்பாள், மாப்பிள்ளை இன்னொன்றைப் பார்ப்பான். கீழே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெரிவதெல்லாம் கேமராக்காரர்களின் முதுகு.

ஒரே டீம் வைத்து, செலவைப் பாதியாகப் பகிர்ந்து, ஆல்பத்தை மட்டும் இரண்டு பிரதி போடுவதுதான் என் பரிந்துரை. ஆல்பத்துக்கு வடிவமைப்பு வேலை ஒருமுறைதான். இரண்டாவது பிரதிக்கு அச்சும் பைண்டிங்கும் மட்டுமே என்பதால், முதல் பிரதியை விட அது குறைவாக வரவேண்டும். வரவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. "நம்ம ஊர் ஸ்டுடியோ அண்ணன்தான் எங்க வீட்டு எல்லாக் கல்யாணத்துக்கும் எடுத்தவர், அவரை விட முடியாது" என்று சம்பந்தி சொல்வார். அதை மறுத்துப் பேசிக் கசப்பு உண்டாக்க வேண்டாம். மேடை போட்டோவையும் நிகழ்ச்சி வீடியோவையும் ஊர் ஸ்டுடியோவுக்குக் கொடுங்கள்; கேண்டிட்டை (யாரையும் நிற்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பது) மட்டும் வெளி ஆளுக்குக் கொடுங்கள். மேடையில் யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதை இருவருக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மேடையை நடத்துவது ஊர் ஸ்டுடியோ அண்ணன் என்றால், கேண்டிட் ஆள் குறுக்கே வரக் கூடாது.

3. எது வேண்டும் என்று தனித்தனியாகப் பிரியுங்கள்

கீழே சொல்லும் தொகைகள் கடந்த இரண்டு, மூன்று வருடங்களில் நான் கையில் வாங்கிய கொட்டேஷன்களை வைத்துச் சொல்வது. ஊர், சீசன், ஆளின் பெயர் இவற்றைப் பொறுத்து ஏறி இறங்கும். திருச்சி, மதுரை, சேலம் போன்ற ஊர்களில் கீழ் எல்லைக்குப் பக்கமாகவும், சென்னை, கோவையில் மேல் எல்லைக்குப் பக்கமாகவும் வந்தது.

ட்ரெடிஷனல் போட்டோ: மேடையில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் நேராகப் பார்க்க வைத்து எடுப்பது. ஒரு நிகழ்ச்சிக்கு 7,000 முதல் 15,000 ரூபாய். இளசுகள் இதை வேண்டாம் என்பார்கள். வேண்டும். பத்து வருடம் கழித்துத் தாத்தா முகம் தெரிகிற படம் எதுவென்று தேடினால் இதில்தான் கிடைக்கும்.

ட்ரெடிஷனல் வீடியோ: நிகழ்ச்சி முழுவதையும் நீளமாக எடுத்து இரண்டு, மூன்று மணி நேரமாகத் தருவது. ஏறக்குறைய போட்டோவின் அதே விலை, சற்று மேல்.

கேண்டிட்: யாரையும் நிற்கச் சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடி எடுப்பது. ஒரு ஆள், ஒரு நிகழ்ச்சிக்கு 10,000 முதல் 25,000. ஆளின் திறமைக்கே காசு என்பதால், விலை அதிகம் விரிவது இங்கேதான்.

சினிமாட்டிக் வீடியோ: பாட்டோடு வெட்டி ஒட்டிய நாலைந்து நிமிட ஹைலைட்ஸும் அரை மணி நேரப் படமும். ஒரு நிகழ்ச்சிக்கு 15,000 முதல் 35,000. எடுக்கும் நேரத்தை விட எடிட்டிங் நேரம்தான் இதில் அதிகம். பேரம் பேசினால் எடிட்டிங்கில்தான் கைவைப்பார்கள். சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூபில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வந்து ஒலி முடக்கப்படலாம். அதற்கென்று உரிமம் பெற்ற இசையில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

ட்ரோன்: என்னைக் கேட்டால், மண்டபத்துக்குள் நடக்கும் முகூர்த்தத்துக்கு இது வீண். அதன் இரைச்சல் நாதஸ்வரத்தை அமுக்கும், காற்று ஹோமப் புகையைக் கலைக்கும். திறந்தவெளிக் கல்யாணம், தென்னந்தோப்பு, ஊர்வலம் என்றால் சரி. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி பறக்கும் பகுதியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். விமான நிலையத்தை ஒட்டிய மீனம்பாக்கம், பல்லாவரம் பக்கத்து மண்டபத்தில் "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்கிறவரை நம்பாதீர்கள். அனுமதி யார் வாங்குவது என்று எழுதி வாங்குங்கள்.

எல்இடி திரை, நேரலை: வெளிநாட்டில் சொந்தம் இருந்தால் நேரலை பயன்படும். அதற்கு முன் மண்டபத்துக்குள் போய் உங்கள் போனில் அப்லோட் வேகத்தைப் பாருங்கள். சுவர் தடித்த பழைய மண்டபங்களில் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். எல்இடி திரை பெரிய மண்டபத்தில் பின்வரிசைக்காரர்களுக்கு உதவும். 200 பேர் உட்காரும் கூடத்தில் தேவையில்லை.

ப்ரீ வெட்டிங் ஷூட்: கொட்டேஷனில் இருப்பது எடுப்பவரின் கூலி மட்டும். உடை, மேக்கப், கார், நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் உங்கள் பையில். கூலி 15,000 என்றால் செலவு 30,000 என்று எழுதிக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறை இடங்களுக்கு லைட், ஸ்டாண்டோடு போவதாக இருந்தால் அனுமதி பற்றி முதலில் கேளுங்கள். வாசலில் தடுத்தால் அன்றைய மேக்கப் காசும் போச்சு.

ஆல்பம்: இதுதான் பில்லின் மறைவான பகுதி. பத்தாவது படியில் விரிவாகச் சொல்கிறேன். இப்போதைக்கு 12×36 அங்குல அளவில் 35 ஷீட் (நடுவில் மடிந்து, விரித்தால் இரண்டு பக்கமாகத் தெரியும் தாள்) ஆல்பத்துக்கு, வடிவமைப்பு, பெட்டியோடு சேர்த்து 14,000 முதல் 22,000 வரை எழுதிக்கொள்ளுங்கள்.

4. கூட்டிப் பாருங்கள், அப்புறம் வெட்டுங்கள்

சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு, திருச்சியில், கடைசியாக முடிவான கணக்கு இது:

மூன்றே மணி நேர நலங்குக்கு ஒரு கேண்டிட் ஆள் 7,000. மேடை போட்டோ இரண்டு நிகழ்ச்சி 16,000. நிகழ்ச்சி வீடியோ இரண்டு நிகழ்ச்சி 18,000. கேண்டிட் இரண்டு நிகழ்ச்சி 26,000. ஆல்பம் 17,000. பெற்றோர்களுக்கு இரண்டு மினி ஆல்பம் 3,000. பயணம், தங்கல் 4,000. ஆக 91,000.

இதற்கு வெளியே மூன்று விஷயங்கள். ஜிஎஸ்டி பில் கொடுக்கும் ஸ்டுடியோ என்றால் 18 சதவீதம், அதாவது இந்தத் தொகைக்கு 16,380. கொட்டேஷனில் வரி சேர்ந்ததா தனியா என்று முதல் நாளே கேளுங்கள். அடுத்து, உங்கள் சொந்த ஹார்ட் டிஸ்க் இரண்டு. மூன்றாவது, கூடுதல் மணி, கூடுதல் ஷீட் வகைக்காக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்தப் பத்தில் ஒரு பங்கை யாரிடமும் சொல்ல வேண்டாம். சொன்னால் செலவாகிவிடும்.

மொத்தக் கல்யாணச் செலவில் இத்தனை சதவீதம் போட்டோவுக்கு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1,500 பேருக்குச் சாப்பாடு போடும் கல்யாணத்துக்கும் 150 பேர் கல்யாணத்துக்கும் தாலி கட்டும் நேரம் ஒன்றுதான், கேமரா ஆட்களும் ஏறக்குறைய ஒன்றுதான். மணியும் ஆளும் பார்த்துக் கூட்டுவதுதான் சரி.

வெட்ட வேண்டியிருந்தால் இந்த வரிசையில் வெட்டுங்கள்: முதலில் எல்இடி, ட்ரோன், பிறகு ப்ரீ வெட்டிங், பிறகு சினிமாட்டிக், பிறகு ஆல்பம் ஷீட் எண்ணிக்கை. ஆல்பத்தை அடுத்த வருடம்கூடப் போட்டுக்கொள்ளலாம், படங்கள் கையில் இருக்கும்வரை. எடுக்காத படத்தை அடுத்த வருடம் எடுக்க முடியாது. அதனால் ஆட்களை மட்டும் குறைக்காதீர்கள்.

"மாமா, என் ஃப்ரெண்டு நல்லா எடுப்பான், காசே வேண்டாம்னு சொல்றான்" என்று ஒரு மருமகன் வருவான். நன்றி சொல்லி, நலங்குக்கு மட்டும் கூப்பிடுங்கள். காசு வாங்காதவரிடம் அதிகாலை நாலரைக்கு வரச் சொல்லிக் கண்டிக்க முடியாது.

5. ஒரே தாளை மூன்று பேருக்கு அனுப்புங்கள்

முதல் படியில் எழுதிய நேரங்களையும் மூன்றாம் படியில் பிரித்த தேவைகளையும் ஒரே தாளில் எழுதி, மூன்று ஸ்டுடியோக்களுக்கு அப்படியே அனுப்புங்கள். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி விலை கேளுங்கள். மூவரும் மூன்று வகைப் பேக்கேஜ் அனுப்பினால் எது மலிவு என்று ஒப்பிட முடியாது. உங்கள் தாளுக்கு விலை போட்டால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வரி வரியாக விலை சொல்ல மறுப்பவர்கள் உண்டு. அதனாலேயே அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று அர்த்தமில்லை. சிலர் மொத்தமாகவே வேலை பார்த்துப் பழகியவர்கள். "ஒரு ஆளைக் குறைத்தால் எவ்வளவு குறையும், ஆல்பம் வேண்டாம் என்றால் எவ்வளவு குறையும்" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். உள்ளே இருக்கும் கணக்கு தானாக வெளியே வரும்.

எப்போது பேசுவது? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் போட்டோகிராபர்கள் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள், உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். தை கல்யாணத்துக்கு ஆடியில் பேசுங்கள். ஆவணி கல்யாணத்துக்கு ஆடியில் போனால் நல்ல ஆட்கள் கிடைப்பது கஷ்டம். நல்ல வளர்பிறை முகூர்த்த நாளை ஊரே பிடித்து வைத்திருக்கும், அந்த நாளில் விலை குறையாது. ஐப்பசி மழைக்காலத்திலோ வார நாளிலோ வரும் முகூர்த்தம் என்றால் குறைத்துக் கேட்கலாம்.

6. ஒரு முழுக் கல்யாணத்தைப் பார்க்கக் கேளுங்கள்

இன்ஸ்டாகிராமில் இருப்பது இருபது கல்யாணத்தில் பொறுக்கிய இருபது படம். உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரு கல்யாணத்தின் இரண்டாயிரம் படம். அதனால் ஏதாவது ஒரு கல்யாணத்தின் முழுத் தொகுப்பையும், அச்சான ஆல்பம் ஒன்றையும் நேரில் காட்டச் சொல்லுங்கள்.

அதில் பார்க்க வேண்டியவை: மங்கலான மண்டபத்தில் எடுத்த படங்கள் எப்படி இருக்கின்றன. மாநிறத் தோலை வெளுக்க வைத்திருக்கிறார்களா. கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழும் அந்த அரை நிமிடத்தில் எத்தனை படம் கூர்மையாக வந்திருக்கிறது. பட்டுச்சேலையின் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறதா, ஆரஞ்சாகி விட்டதா.

அடுத்தது மிக முக்கியமான கேள்வி: "எங்க கல்யாணத்துக்கு யார் வருவாங்க?" பெரிய முகூர்த்த நாளில் ஒரு ஸ்டுடியோ மூன்று, நான்கு கல்யாணம் ஒப்புக்கொண்டு வெளி ஆட்களை அனுப்புவது சாதாரணம். அது தவறு என்று சொல்லவில்லை. வருகிற ஆளின் வேலையைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கேமராவில் இரண்டு மெமரி கார்டு போட்டு ஒரே நேரத்தில் இரண்டிலும் பதிகிறதா என்றும் கேளுங்கள். என் தங்கை வரவேற்பில் எடுத்த கார்டை மறுநாள் காலை அவசரத்தில் யாரோ அழித்துவிட்டார்கள். கேண்டிட் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஸ்டுடியோக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், பாவம், அவரால் செய்ய முடிந்தது அதுதான்.

7. எதில் பேரம் பேசலாம், எதில் கூடாது

மினி ஆல்பம், காலண்டர், பிரேம் போட்ட படம் போன்ற இலவசங்களை "அதெல்லாம் வேண்டாம், விலையில் கழியுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரிதாகக் கழியாது, ஆனால் கழியும். ஒரே ஸ்டுடியோவுக்கு நிச்சயதார்த்தமும் கல்யாணமும் சேர்த்துக் கொடுத்தால் குறைப்பார்கள்.

ஆட்களின் கூலியில் பேரம் பேசினால், தலையை ஆட்டிவிட்டு அனுபவம் குறைந்த ஆளை அனுப்புவார்கள். முகூர்த்தத்துக்கு இரண்டு கேமரா என்று பேசியிருந்தால் இரண்டுதான் வர வேண்டும். ஒருவர் முகத்தை எடுக்க, இன்னொருவர் கையை எடுக்க. தாலி முடியும் கை ஒரு பக்கம், பெண்ணின் முகம் இன்னொரு பக்கம் இருக்கும்; ஒரே ஆளால் இரண்டையும் பிடிக்க முடியாது.

8. எழுதி வாங்குங்கள், பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்

முத்திரைத்தாள் தேவையில்லை. மின்னஞ்சலில் ஒரு பக்கம் போதும். வாட்ஸ்அப்பில் பேசியது மூன்று மாதத்தில் கல்யாண வாழ்த்துகளுக்கு அடியில் புதைந்துவிடும், அதனால்தான் மின்னஞ்சல்.

அதில் இருக்க வேண்டியவை: தேதி, நேரம், ஆட்களின் எண்ணிக்கையும் பெயரும், கூடுதல் மணிக்கு விலை, எடிட் செய்த படங்கள் எத்தனை, எடிட் செய்யாதவையும் தருவார்களா, ஆல்பம் அளவு, ஷீட் எண்ணிக்கை, கூடுதல் ஷீட்டுக்கு விலை, எத்தனை முறை திருத்தம், எதை எந்த நாளுக்குள் தருவார்கள், தேதி மாறினால் அல்லது ரத்தானால் அட்வான்ஸ் என்ன ஆகும்.

படங்களைத் தங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்றும் எழுதுங்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்துத் தனக்காக எடுக்கச் செய்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். "வேறு ஒப்பந்தம் இல்லாதவரை" என்பதைக் கவனியுங்கள். அவர்கள் நீட்டும் படிவத்தில் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு பெண்ணின் படத்தை விளம்பரத்தில் பார்த்துக் கோபப்படுவதில் பயனில்லை.

பணம்: அட்வான்ஸ் 20 சதவீதம், முகூர்த்தம் முடிந்ததும் 50, படங்களும் வீடியோவும் ஹார்ட் டிஸ்க்கில் கைக்கு வந்ததும் 20, ஆல்பம் வந்ததும் 10. கல்யாணத்தன்றே முழுத் தொகையையும் கொடுப்பதுதான் நான் பார்த்ததில் மிக வழக்கமான தவறு. மண்டபம் காலி செய்யும் பரபரப்பில் ஒருவர் வந்து நிற்பார், மொய்ப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆல்பத்துக்கு அவசரம் உங்களுக்கு மட்டும்தான்.

அவர்கள் பக்க நியாயமும் இருக்கிறது. படம் தேர்வு செய்யாமல் இரண்டு வருடம் இழுத்து, பாக்கியையும் நிறுத்தி வைக்கும் குடும்பங்கள் உண்டு. "ஆறு மாதத்துக்குள் நாங்கள் தேர்வு செய்து தராவிட்டால் பாக்கியைக் கொடுத்துவிடுகிறோம்" என்று நீங்களே ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். மற்ற நிபந்தனைகளை எளிதாக ஒப்புக்கொள்வார்கள்.

9. கல்யாணத்துக்கு முந்தைய வாரம்

சடங்குப் பட்டியலை அனுப்புங்கள். குடும்பப் படங்களின் பட்டியலை அதோடு சேருங்கள்: யார் யார் சேர்ந்து நிற்க வேண்டும் என்று. பதினைந்துக்கு மேல் போகாமல் பாருங்கள்.

பட்டியலை வைத்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிட, இரு பக்கமும் முகம் தெரிந்த ஒருவரை நியமியுங்கள். தாய்மாமன் மகன் மாதிரி சத்தமாகக் கூப்பிடக் கூடியவர் உத்தமம். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த நேரத்தில் யாரையும் தேட முடியாது. போட்டோகிராபருக்கு உங்கள் பெரியத்தை யாரென்று தெரியாது.

மேடை ஏற முடியாத பெரியவர்களின் படத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள், அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே பெண்ணும் மாப்பிள்ளையும் போய். கூட்டம் சேர்ந்த பிறகு அது நடக்காது.

சமையல் கான்ட்ராக்டரிடம் கேமரா ஆட்களுக்கான இலைக் கணக்கைச் சொல்லுங்கள். எப்போது சாப்பிடுவார்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். தாலி கட்டி முடிந்து, பெண் சேலை மாற்றப் போகும் இடைவெளி பல வீடுகளில் வசதியானது. சொல்லாவிட்டால் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள், அதே நேரத்தில் நீங்கள் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போகப் புறப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மேடை அலங்காரக்காரரிடம் லைட் நிறத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊதா, பச்சை லைட்டை முகத்தில் அடித்தால் எந்த எடிட்டராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. அலங்காரத்துக்குப் பின்னால் அடிக்கட்டும், முகத்துக்கு வெள்ளை.

10. ஹார்ட் டிஸ்க் முதலில், ஆல்பம் பிறகு

கல்யாணம் முடிந்த ஒரு வாரத்துக்குள் எடிட் செய்யாத எல்லாவற்றையும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் வாங்குங்கள். அளவுக்கு ஒரு கணக்கு: 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. எட்டு மணி நேர வீடியோ 360 ஜிபி. ரா வடிவப் படம் (கேமரா பதியும் மூலக் கோப்பு) ஒன்று சுமார் 30 எம்பி. நாலாயிரம் படம் 120 ஜிபி. ஆக, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் போதும். இரண்டு வாங்குங்கள், ஒன்று பெண் வீட்டில், ஒன்று மாப்பிள்ளை வீட்டில். பென் டிரைவை நம்பாதீர்கள்.

அடுத்தது ஆல்பத் தேர்வு. எல்லோரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கணக்கோடு சொல்கிறேன். 35 ஷீட் ஆல்பத்தில், ரிசப்ஷன் மேடைப் படங்களுக்கு 8 ஷீட் ஒதுக்கி ஷீட்டுக்கு 8 படம் போட்டால் 64. மீதி 27 ஷீட்டில் மூன்று, நான்கு என்று போட்டால் 95 போல வரும். ஆக 160 படங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து 420 படங்களைத் தேர்வு செய்து அனுப்புவார்கள். வடிவமைப்பவர் அதைக் குறைக்கமாட்டார். 60 ஷீட்டில் அடுக்கி அனுப்புவார். கூடுதல் 25 ஷீட், ஷீட்டுக்கு 400 ரூபாய் என்றால் 10,000. இது மோசடி இல்லை, நீங்கள் கேட்டதைத்தான் அவர் செய்தார்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் உட்கார்ந்து 130 எடுங்கள். பிறகு இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் வீட்டுக்குப் பதினைந்து இடம் கொடுங்கள். "இதில் எதைச் சேர்க்க வேண்டும் என்றாலும் ஒன்றை எடுக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

தேர்வை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். தரம் குறைந்த பிரதி அச்சுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. படத்தின் கோப்பு எண்ணை மட்டும் வரிசையாக எழுதி அனுப்புங்கள்.

வடிவமைப்பு வந்ததும் போனில் பார்த்து "சூப்பர்" என்று பதில் போடாதீர்கள். கணினித் திரையில் பெரிதாகத் திறந்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பெயர்களின் எழுத்துப்பிழை, ஷீட்டின் நடு மடிப்பில் யார் முகமாவது விழுகிறதா, இரண்டு வீட்டு நெருங்கிய சொந்தத்தில் யாராவது விட்டுப் போனார்களா. கடைசி விஷயத்தை உங்கள் அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுவிட்ட சித்தப்பா இல்லை என்பதை அச்சுக்கு முன்னால் கண்டுபிடிக்க அவரால்தான் முடியும்.

ஆல்பம் வந்ததும் ஸ்டுடியோவிலேயே ஷீட்களை எண்ணி, எல்லாப் பக்கமும் புரட்டி, பைண்டிங்கைத் தடவிப் பார்த்துவிட்டு மீதி 10 சதவீதத்தைக் கொடுங்கள்.